கடைசல் பேனாவில் நம் வட்டாரத்தின் முத்திரை

கட்டில் கால், தொட்டில் கம்பு, பம்பரம், சப்பாத்திக் கட்டை என்று மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருவாக்கும் வேலைக்குக் கடைசல் என்று பெயர். அந்த வேலை தெரிந்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். வேலைதான் குறைந்துவிட்டது. இரும்புக் கட்டிலும் பிளாஸ்டிக் சாமானும் வந்த பிறகு பல பட்டறைகளில் இயந்திரம் ஓடும் நேரத்தைவிட ஓய்ந்திருக்கும் நேரமே அதிகம். அப்படிப்பட்ட பட்டறைக்காரர்களுக்கும், வளைகுடாவிலிருந்து திரும்பிவந்து கையில் ஒரு தொழில் வேண்டும் என்று தேடுகிற சகோதரர்களுக்கும், கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படக்கூடிய ஒரு சிறு வேலையை இந்த இதழில் பாடமாகப் பார்ப்போம். மரத்தைக் கடைந்து பேனா செய்வதும், அந்தப் பேனாவில் நம் வட்டாரத்தை அடையாளம் காட்டும் உலோக வேலைப்பாடு ஒன்றைச் சேர்ப்பதும்தான் அந்த வேலை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பணம் கொட்டுகிற தொழில் இது அல்ல. நிக்காஹ் அன்பளிப்பு, ஓய்வு பெறும் ஆசிரியருக்குப் பரிசு, வெளிநாட்டுக்குப் போகும் மகனுக்கு ஊர் நினைவாக ஒரு பொருள் என்ற அளவில்தான் இதற்குச் சந்தை உண்டு. கடன் வாங்கி இயந்திரம் வாங்கிப்போடும் அளவுக்கு யாரும் துணிய வேண்டாம். ஏற்கெனவே லேத் இருக்கிற இடத்தில், அதன் உரிமையாளரிடம் பேசி, வாரத்தில் இரண்டு மாலை நேரம் பழகிப் பார்ப்பதே சரியான தொடக்கம்.

தென்னிந்தியாவில் கையால் கடைந்த பேனாவுக்கு நல்ல வரலாறு இருக்கிறது. ராஜமுந்திரியில் 1930களில் சுதேசி இயக்கத்தின் வேகத்தில் வளர்ந்த ரத்தினம் பேனாக்களைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். திருவள்ளூரில் எபோனைட் என்ற கெட்டி ரப்பர் கோலைக் கடைந்து கையால் செய்யும் ரங்கா பேனாக்களை வெளிநாட்டில் இருப்பவர்களும் தேடி வாங்குகிறார்கள். சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பெயர் பெற்றிருந்தது; பால்பாயிண்ட் வந்து அந்தத் தொழிலை அடித்துப் போட்டது. ஆகவே நாம் புதிதாக எதையும் இறக்குமதி செய்துவிடவில்லை. இறக்குமதியாவது ‘கிட்’ என்று சொல்லப்படும் உலோக உறுப்புகளின் தொகுப்பு மட்டும்தான்.

கிட் என்றால் என்ன?

மரப்பேனாவை முழுக்க முழுக்க மரத்தால் செய்ய முடியாது. ரீஃபிலைப் பிடிக்கும் முனை, அதை வெளியே தள்ளி உள்ளே இழுக்கும் திருகு, சட்டைப்பையில் மாட்டும் கிளிப், உச்சியில் இருக்கும் தொப்பி, இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் நடு வளையம், இவற்றோடு ஒன்றோ இரண்டோ பித்தளைக் குழாய்கள். இவ்வளவும் ஒரு பொட்டலமாக வருவதுதான் கிட். நாம் செய்வது மரத்தில் துளையிட்டு, பித்தளைக் குழாயை உள்ளே ஒட்டி, வெளியே கடைந்து, பிறகு உறுப்புகளை இரண்டு முனையிலும் அழுத்திப் பொருத்துவது.

கிட்டுகளில் மூன்று வகை அதிகம் புழங்குகின்றன. ‘ஸ்லிம்லைன்’ மெல்லியது, விலை குறைந்தது, 7 மில்லிமீட்டர் துளை கேட்பது. ‘சிகார்’ பருத்தது, 10 மில்லிமீட்டர் துளை. ‘சியரா’ ஒரே குழாய் கொண்டது. பாடம் சொல்லித்தருகிற எல்லோரும் ஸ்லிம்லைனில்தான் தொடங்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதில் போடுவது கிராஸ் வகை ரீஃபில்; நம் ஊர் ஸ்டேஷனரி கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. ரீஃபில் தீர்ந்ததும் பேனா அலமாரிக்குப் போய்விடும். சிகாருக்கும் சியராவுக்கும் பார்க்கர் வகை ரீஃபில் போதும். அது பெரும்பாலான கடைகளில் கிடைக்கும். பேனா வாங்கியவர் பத்து வருடம் அதை வைத்து எழுத வேண்டுமென்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முலாமைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலிவான தங்க முலாம் மிக மெல்லியது. விரல் படுகிற இடத்தில் சில மாதங்களிலேயே தேய்ந்துவிடும். குரோமியம் நீடிக்கும். டைட்டானியம் முலாம் இன்னும் நீடிக்கும். பொன்னிறத்திலும் கறுப்பிலும் கிடைக்கிறது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வேறு இருக்கிறது, அதனால் முலாமில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மரம்: அழகுக்கு முன் சட்டம்

ஒரு பேனாவுக்குத் தேவைப்படுவது சுமார் 2 சென்டிமீட்டர் சதுரமும் 13 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு துண்டு. தச்சுப்பட்டறையில் எரிக்கப்போகும் துண்டுகளே போதும். தேக்கு, பூவரசு, வேம்பு, புளி, கருவேலம், பலா எல்லாம் நன்றாகக் கடையும். பூவரசின் நடுவைரம் கருஞ்சிவப்பாக இருக்கும். பேனாவுக்கு அதைப்போல் பொருந்துகிற மரம் குறைவு. பழைய வீட்டை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரத் துண்டு என்றால், அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதைவிட மேலான பரிசு எதுவும் கிடையாது.

இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்தவர்கள் பனையை மறக்கக் கூடாது. பனை வைரத்தில் வெளிர் நிறத்துக்கு நடுவே கறுப்பு நார்கள் கோடு கோடாக ஓடும். கோணமாக அறுத்துக் கடைந்தால் புள்ளி புள்ளியாக வரும். பார்க்க அழகுதான், ஆனால் கடைவது கஷ்டம். நார் கெட்டியாகவும் நடுச்சோறு மென்மையாகவும் இருப்பதால் உளி பட்டதும் நார் பிய்த்துக்கொண்டு வரும். நீர் போன்ற மெல்லிய உடனடிப் பசையை அவ்வப்போது மரத்தில் ஊறவிட்டு, காயவிட்டு, கூர்மையான உளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். முதல் பேனாவைப் பனையில் செய்யாதீர்கள்.

தவிர்க்க வேண்டியவை சில உண்டு. செம்மரத் துண்டு ‘எங்கேயோ கிடைத்தது’ என்று யாராவது கொண்டுவந்தால் தொடவே வேண்டாம். அது 1995 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. நம் நாட்டிலும் கடும் வனச்சட்டங்களுக்கு உட்பட்டது. சந்தனத்தையும் உரிமமுள்ள இடத்தில் ரசீதோடு வாங்கினால் மட்டுமே பயன்படுத்தலாம். ஈட்டி மரம் சேர்ந்த பேரினத்தை 2017 ஜனவரியில் அதே சர்வதேசப் பட்டியலில் சேர்த்தார்கள். துபாயில் இருக்கும் மச்சானுக்கு ஈட்டிப் பேனா அனுப்புவதற்கு முன் விதிமுறையை விசாரித்துக்கொள்ளுங்கள். மான் கொம்பு, யானைத் தந்தம், ஆமை ஓடு, பவளப்பாறைத் துண்டு ஆகியவற்றைப் பேனாவில் பதிப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் குற்றம். அமெரிக்காவில் மான் கொம்புப் பேனா சாதாரணமாக விற்பதைப் படத்தில் பார்த்துவிட்டு இங்கே ஆசைப்படக் கூடாது. கொம்புதான் வேண்டுமென்றால் எருமைக் கொம்பு இருக்கிறது. கடையும்போது முடி கருகுகிற நாற்றம் வரும், அவ்வளவுதான்.

மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். துளை போட்ட பிறகு நாலைந்து நாள் நிழலில் வைத்துவிட்டுப் பிறகு குழாயை ஒட்டினால் பின்னால் வெடிப்பு விழும் வாய்ப்பு குறைகிறது.

கடையும் முறை

கட்டில் கால் கடையும் லேத்தில் பேனா கடையலாமா என்று கேட்பார்கள். இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். பேனாத் துண்டுகளைக் கோர்த்துப் பிடிக்கும் மாண்ட்ரல் கம்பியின் கூம்பு முனை அந்த லேத்தின் தலைப்பகுதித் துளையில் உட்கார வேண்டும். அடுத்து, வேகம். பேனா மெல்லியது, நிமிடத்துக்கு 2000 முதல் 3000 சுற்று வரை இருந்தால்தான் உளி வழுவழுப்பாக வெட்டும். துளை போடும்போது அதில் கால்பங்கு வேகம் போதும். டிரில்லை அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் மரம் பிளக்கும்.

குழாயை ஒட்டுவதற்கு முன் அதன் பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். வழுவழுப்பான பித்தளையைப் பசை பிடிக்காது. குழாயின் இரு வாயிலும் கொஞ்சம் மெழுகை அடைத்துக்கொண்டால் பசை உள்ளே போகாது. அரால்டைட் போன்ற இரண்டு பகுதிப் பசையே நல்லது. ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிறகு மரத்தின் இரு முனைகளையும் குழாயின் வாயோடு சமமாக, குழாய்க்கு நேர் செங்குத்தாகச் சீவ வேண்டும். கடைசியில் உறுப்புகளைப் பொருத்தும்போது ஒரு பக்கம் இடைவெளி தெரிகிறதென்றால் பெரும்பாலும் காரணம் இந்தச் சீவலில் இருக்கும்.

மாண்ட்ரலில் துண்டுக்கு இரு பக்கமும் புஷ் என்ற எஃகு வளையங்கள் வரும். அவற்றின் விட்டம்தான் உலோக உறுப்பின் விட்டம். மரம் அந்த அளவுக்கு வரும்வரை கடைந்து, உப்புத்தாளால் 150-இல் தொடங்கி 600 வரை தேய்க்க வேண்டும். மேல்பூச்சுக்கு உடனடிப் பசையையே மெல்லிய படலமாக ஏழெட்டு முறை தடவி மெருகேற்றுவது இப்போது வழக்கம். இதில் ஓர் எச்சரிக்கை: அந்தப் பசையைப் பருத்தித் துணியால் தடவவே கூடாது. பருத்தியில் பட்டால் சூடேறிக் கையைச் சுடும், புகையும். மென்மையான காகிதத்தால் தடவுங்கள். ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் லேத் முன்னால் நிற்க வேண்டாம். முழுக்கை சட்டையின் பட்டன், கழுத்துத் துண்டு, துப்பட்டா எதுவும் சுழலும் மரத்தின் அருகே தொங்கக் கூடாது.

அரக்கு பூசும் பழைய முறையும் உண்டு. கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்து வளர்த்ததாகச் சொல்லப்படும் மரக்கடைசலில், வண்ண அரக்குக் கட்டியைச் சுழலும் மரத்தில் அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பரவும்; தாழை ஓலையால் அழுத்தி மெருகேற்றுவார்கள். இன்றும் அங்கே முஸ்லிம் குடும்பங்கள் பல இந்த வேலையில் இருக்கின்றன. நம் பக்கம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் அரக்கு பூசிய கடைசல் வேலைதான். பேனாவுக்கு இந்த அரக்கு அழகாக இருக்கும். கைக்குத் தடவும் சானிடைசர் பட்டால் மட்டும் கரையும். மருத்துவமனையில் வேலை செய்பவருக்குப் பரிசளிப்பதாக இருந்தால் அரக்கு வேண்டாம்.

வட்டார அடையாளத்தை எங்கே வைப்பது?

அமெரிக்காவில் பேனா கிட் செய்பவர்கள் வட்டாரக் கருப்பொருள் கொண்ட உறுப்புகளைத் தனி வரிசையாகவே விற்கிறார்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற தென்மேற்கு மாநிலங்களை நினைவூட்ட இறகு வடிவக் கிளிப், நீலப்பச்சைக் கல் பதித்த வளையம். கடலோரத்தை நினைவூட்ட நங்கூரம். அயர்லாந்தை நினைவூட்டப் பின்னல் கோலம். நமக்கு அப்படி ஆயத்த உறுப்புகள் கிடைக்காது. கிடைக்காததே நல்லது என்றுகூடச் சொல்வேன். ஏனென்றால் நம் கையாலேயே ஒரு வளையம் செய்துகொள்ளலாம்.

கிளிப்பைத் தொடாதீர்கள். அது வளைந்து கொடுக்க வேண்டிய உறுப்பு. கீறினாலோ சூடாக்கினாலோ கெடும். தொப்பியில் வேலை செய்யலாம், ஆனால் இடம் ஒரு சட்டைப் பட்டன் அளவுதான். வேலைக்கு ஏற்ற இடம், நடு வளையத்துக்கு அடுத்து நாம் கூடுதலாகச் சேர்க்கும் ஒரு பித்தளை வளையம். அகலம் 5 மில்லிமீட்டர்.

அந்த 5 மில்லிமீட்டரில் என்ன வரையலாம் என்பதில்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். நாகூர் மினாராக்கள் ஐந்தையும் கொண்டுவர வேண்டும் என்பார்கள். வராது, ஈ மொய்த்ததுபோல் இருக்கும். இந்த அளவில் கண்ணுக்குத் தெரிவது திரும்பத் திரும்ப வரும் எளிய கோலம் மட்டுமே. பனையோலையின் மடிப்பு, அலை, வலைக் கண்ணி, கீழக்கரைப் பழைய பள்ளிவாசலின் கல் தூண்களில் இருப்பதுபோன்ற ஒற்றைப் பூவின் எளிய வடிவம், பத்தமடைப் பாயின் கட்டம். இவற்றில் பாயின் கட்டத்தைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். நேர்கோடுகள்தான், பிழை வந்தால் மறைத்துவிடலாம். பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையை நூலாகக் கிழித்து நெய்வது லெப்பைக் குடும்பத்துப் பெண்களின் கைவேலை. மணமக்கள் பெயர் நெய்த பாய் நிக்காஹ் சீரில் போவதை நாம் எல்லோரும் அறிவோம். அந்தப் பாயோடு அதே கட்டம் பொறித்த பேனாவும் சேர்ந்து போனால் யார் வேண்டாம் என்பார்கள்?

வளையம் செய்யும் பாடம்

இங்கே சொல்வது 10 மில்லிமீட்டர் குழாய் கொண்ட சிகார் வகைக்கு. லேத் பட்டறையில் பித்தளைக் கோலைக் கொடுத்து, நடுவில் 10 மில்லிமீட்டர் துளையிட்டு, 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கித் தரச் சொல்லுங்கள். குழாய் அதில் உராய்ந்து நுழைய வேண்டும், ஆடக் கூடாது. ஒரே தடவையில் பத்து வளையம் செய்து வாங்குவது சிக்கனம்.

முதல் வேலை, வளையத்தின் வெளி விட்டத்தைப் புஷ்ஷின் விட்டத்துக்குச் சரியாகக் கொண்டுவருவது. மாண்ட்ரலில் கோர்த்து, அரத்தாலும் எமரித் தாளாலும் தேய்த்தால் போதும். கோலம் பொறித்த பிறகு தேய்த்தால் கோலமும் போய்விடும். அதனால்தான் இந்த வரிசை.

இரண்டாவது, பொறிப்பது. உளியால் செதுக்கும் திறமை நம்மில் பலருக்குக் கிடையாது. இரசாயனம் அதைச் செய்து தரும். மின்னணுப் பலகை செய்பவர்கள் பயன்படுத்தும் ஃபெரிக் குளோரைடு கரைசல் அந்தச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டால் தருவார்கள். வளையத்தை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் உலர்த்துங்கள். உள்பக்கம், இரு ஓரம், மேல்பக்கம் முழுக்க நகப்பூச்சு தடவிக் காயவிடுங்கள். பிறகு ஊசி முனையால் கோலத்தைக் கீறுங்கள். கீறிய இடத்தில் பித்தளை தெரியும். கரைசல் அந்த இடத்தை மட்டும் அரிக்கும். மெல்லிய நூலில் கட்டிக் கரைசலுக்குள் தொங்கவிட வேண்டும். பாத்திரத்தின் அடியில் கிடந்தால் அரித்த கசடு அங்கேயே தங்கிக் கோடு சீராக வராது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நகம் வைத்தால் தடுக்கும் அளவு ஆழம் போதும். பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் வந்துவிடும். கரைசல் புதிதாகவோ வெதுவெதுப்பாகவோ இருந்தால் சீக்கிரம் ஆகும். எடுத்ததும் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, நன்றாகக் கழுவி, நகப்பூச்சைத் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் கறுப்பு எனாமல் பெயிண்டைத் தடவிக் காயவிட்டு, மேற்பரப்பை மிக நைசான உப்புத்தாளால் தேய்த்தால், பொன்னிறத்தில் கறுப்புக் கோலம் பளிச்சென்று நிற்கும்.

இந்த வேலையைச் சமையலறையில் செய்யக் கூடாது. பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரம் மட்டும். இரும்பும் எவர்சில்வரும் அரித்துப்போகும். கையுறை கட்டாயம். துணியில் பட்ட மஞ்சள் கறை போகாது. பயன்படுத்திய கரைசலில் செம்பு கலந்திருக்கும். அதைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ மரத்தடியிலோ ஊற்றுவது அண்டை வீட்டாருக்குச் செய்யும் தீங்கு. பிளாஸ்டிக் பாட்டிலில் மூடி, என்னவென்று எழுதி ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்துங்கள். வலு இழந்த பிறகு இரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

மூன்றாவது, பொருத்துவது. மேல்பாதி மரத்தில், நடுவில் வரும் முனையில், சரியாக 5 மில்லிமீட்டர் நீளத்துக்கு மரத்தைக் குழாய் வரை வெட்டி எடுத்துவிடுங்கள். பித்தளைக் குழாய் வெறுமனே தெரியும். அங்கே அரால்டைட் தடவி வளையத்தை நுழைக்க வேண்டும். மரத்தின் வெட்டுமுகம் செங்குத்தாக இருந்தால் கோடு தெரியாமல் சேரும். வெட்டு 5-க்குக் குறைந்தால் வளையம் வெளியே நீட்டிக்கொண்டு பேனாவின் திருகு முழுதாக உள்ளே போகாது. பசை இறுகியதும் வளையத்தின் மேல் ஒட்டுத்தாளை இரண்டு சுற்றுச் சுற்றிப் பாதுகாத்துக்கொண்டு மீதி மரத்தைக் கடையலாம். மரத்திலிருந்து வளையத்துக்கு விரலை ஓட்டிப் பாருங்கள். படி தட்டக் கூடாது. பித்தளை நாளடைவில் மங்கும் என்பதால் கடைசியாக ஒளிபுகும் லேக்கரை ஒரு கோட் பூசுவது நல்லது. மங்கிய பித்தளையே அழகு என்பவர்களும் இருக்கிறார்கள், வாங்குபவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்லி விற்பதில் கவனம்

மேலே சொன்ன அமெரிக்கத் தென்மேற்கு வேலைப்பாட்டுக்குப் பின்னால் நவஹோ போன்ற பழங்குடி மக்களின் வெள்ளி வேலை இருக்கிறது. அவர்களின் பாணியில் எங்கோ தொழிற்சாலையில் வார்த்த பொருளைப் பழங்குடியினர் செய்தது என்று சொல்லி விற்கும் மோசடி பெருகியதால், 1990-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அப்படிப் பொய் சொல்லி விற்கும் தனிநபருக்கு முதல் முறையே 2,50,000 டாலர் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். நம் நாட்டில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் நிறைவேறி 2003 முதல் நடப்பில் இருக்கிறது. பத்தமடைப் பாயும் சன்னபட்டண மரச்சாமானும் அதில் பதிவானவை.

நமக்கு இதில் என்ன? பாயின் கட்டத்தை வளையத்தில் பொறிப்பதில் தடை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ‘பத்தமடைப் பேனா’ என்று பெயர் வைத்து விற்காதீர்கள். ‘பாய்க் கட்டம் பொறித்த பேனா, இந்த ஊரில் கடைந்தது’ என்பதே உண்மை. கிட் வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். ‘முழுக்க கையால் செய்தது’ என்று அட்டையில் அச்சடிப்பவர்களைப் பார்க்கிறோம். மரமும் வளையமும்தான் நம் கைவேலை. திருகும் கிளிப்பும் தொழிற்சாலையில் வந்தவை. முலாமைத் தங்கம் என்று சொல்வதும் அப்படித்தான். குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகாது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வாங்குபவர்கள் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கு முன்கூட்டியே பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஆயத்தையோ அல்லாஹ்வின் திருநாமத்தையோ பொறித்துத் தர முடியுமா என்பது. பேனா சட்டைப்பையில் இருக்கும் பொருள். அது கழிவறைக்கும் போகும், கீழேயும் விழும். மணமக்கள் பெயர், தேதி, ஊர்ப் பெயர் போதும் என்று பக்குவமாகச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். மற்றது, ஆண்கள் தங்க முலாம் பேனா வைக்கலாமா என்பது. அதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். குரோமியத்திலும் கறுப்பிலும் ஒரு பேனாவைக் கையில் வைத்திருந்தால் பேச்சு நீளாது.

விலை வைப்பது

பலர் தோற்பது இங்கேதான். ஒரு கணக்குக்காக, கிட் 400 ரூபாய், மரம், பசை, உப்புத்தாள், வளையம் எல்லாம் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆக 460. ஆனால் பழகும் காலத்தில் ஐந்தில் ஒன்று வீணாகும்: துளையில் பிளக்கும், உளி பிய்க்கும், திருகை அளவு மீறி அழுத்திவிடுவோம். ஐந்துக்குச் செலவான 2,300 ரூபாயை விற்கிற நான்கு பேனாக்கள்தான் தாங்க வேண்டும், ஒன்றுக்கு 575. இரண்டரை மணி நேர உழைப்புக்கு மணிக்கு 100 ரூபாய் என்றால் 250. பெட்டிக்கு 75. மொத்தம் 900 ரூபாய். இதற்கு மேல் வைப்பதுதான் லாபம். ‘கிட் 400 தானே, 600-க்குக் கொடுப்போம்’ என்று தொடங்குகிறவர் ஒவ்வொரு பேனாவிலும் தன் உழைப்பைச் சும்மா கொடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் லேத்தைப் போர்த்தி வைத்துவிடுவார். உங்கள் ஊர் விலைகளைப் போட்டு இதே கணக்கை நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தொகை ஒத்துவராவிட்டால் பொழுதுபோக்காகச் செய்யுங்கள், அதிலும் தவறில்லை.

முதல் ஐந்து பேனாவை விற்க வேண்டாம். வீட்டில் உள்ளவர்களிடம் கொடுத்து மூன்று மாதம் எழுதச் சொல்லுங்கள். வாப்பாவின் சட்டைப்பை வியர்வையிலும் தங்கையின் கல்லூரிப் பையிலும் கிடந்து வந்த பேனாவைத் திரும்ப வாங்கிப் பார்த்தால், பூச்சு எங்கே உரிகிறது, வளையம் எங்கே கறுக்கிறது, திருகு எப்போது தளர்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதற்கேற்பத் திருத்திக்கொண்டு ஆறாவது பேனாவை விற்பனைக்கு வையுங்கள். பெட்டிக்குள் ஒரு சிறு சீட்டும் இருக்கட்டும்: மரத்தின் பெயர், அது எங்கிருந்து வந்தது, எந்த வகை ரீஃபில் போட வேண்டும், பழுதானால் யாரிடம் கொண்டுவர வேண்டும்.